மாதா காதில் விழுந்த பொய்

பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி அதிலிருந்து நான்கு கேசட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றின் அட்டையில் மண்டையோடு. அடுத்ததில் கோடரி. மூன்றாவதில் கல்லறையைப் பிளந்துகொண்டு வெளியே வரும் கை. நான்காவது முழுக்கக் கறுப்பு; அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது போலிருந்தது. அட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பத்தாறு வயது, வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா.

"நீங்களா சார் இதெல்லாம் கேக்குறீங்க?"

"சேச்சே. ஒருத்தர் குடுத்து விட்டது."

"எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க."

அடுத்து, செங்கல் அளவில் ஒரு ஆரஞ்சு நிற இரும்புப் பெட்டியை எடுத்தார். அதை எலக்ட்ரிக் கிடாரோடு மாட்டிக் காலால் மிதிக்க வேண்டும், மிதித்தால் சத்தம் கரகரவென்று மாறும் என்று விளக்கினேன்.

"நல்லா இருக்குற சத்தத்தக் கெடுக்குறதுக்கு ஒரு பெட்டியா?"

"ஆமா."

"இத சிங்கப்பூர்லேர்ந்து தூக்கிட்டு வரணுமா சார்? எங்க வீட்டு ரேடியோவுல சும்மாவே வருமே."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வெளியே வந்தேன். வெயில் அறைந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனிதர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. 'சேச்சே' என்ற சொல் என் வாயிலிருந்து ஏன் அவ்வளவு வேகமாக வந்தது?

நான் வந்தது, லால்குடியில் அப்பாவின் பழைய வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட. திங்கட்கிழமை காலையில் ஐந்தே நிமிடத்தில் அது முடிந்துவிட்டது. மிச்சமிருந்தவை ஒரு வார விடுப்பும் இந்தப் பொட்டலமும்தான். சிங்கப்பூரில் என் வீட்டின் பின்னறையில் குடியிருக்கும் அந்தோணி, கப்பல் பட்டறை வெல்டர், தன் அண்ணன் மகனுக்காகக் கொடுத்தனுப்பியது. "ஜெரோம் கையிலேயே குடுத்துடுங்க. அண்ணிகிட்ட குடுத்துடாதீங்க" என்று மூன்று முறை சொல்லியிருந்தான்.

*

செவ்வாய். பொன்மலை. இங்கே பொன்னும் இல்லை, மலையென்று சொல்ல ஒரு பாறைதான் இருக்கிறது. இருப்பதெல்லாம் இரும்பு. நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் மத்தியானச் சங்கு ஊதியது. கேட் திறந்ததும் சைக்கிள்கள் அணை உடைந்ததுபோல வந்தன. நீலச் சட்டைகள், கிரீஸ் கைகள், கேரியரில் ஆடும் டிபன் பாக்ஸ்கள். சாலையைக் கடக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சிங்கப்பூரில் பச்சை விளக்கு மனிதன் தோன்றினால் கடப்போம். இங்கே அவனை எதிர்பார்த்து நின்றால் ஓய்வூதியம் வந்துவிடும்.

அந்தோணியின் அண்ணி சலேத்மேரி வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தார். நாற்காலியின் முதுகுக்கு மேலாக விட்டிருந்த கூந்தல் தரையைத் தொட்டது. ஐம்பது வயதில் அப்படி ஒரு முடியை நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அள்ளி முடிந்துகொண்டார். கொண்டை தலையளவு இருந்தது.

"வாங்கண்ணே, வாங்க. பிலோமி, சேர் போடு. சிங்கப்பூர் அண்ணே வந்துட்டாங்க."

மகள் பிலோமினா நாற்காலி கொண்டுவந்தாள். உள்ளேயிருந்து ஆரோக்கியசாமி நொண்டியபடி வந்தார். அந்தோணியின் அண்ணன், ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் மேக்கர். இரண்டு வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, இப்போது மறுபடி வேலைக்குப் போகிறார். முப்பது வருஷம் இரும்புத் தகட்டில் ஆணி அடித்ததில் காது போய்விட்டது. எல்லாரும் தன்னைப் போலவே செவிடு என்று நினைத்துப் பேசினார்.

"தம்பி எப்படி இருக்கான்?" என்று அவர் கேட்டது பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கும்.

கெளுத்தி மீன் குழம்பில் கை வைத்தபோதுதான் ஜெரோம் வந்தான். இருபத்து மூன்று வயது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் சின்னப் பட்டறையில் இரவு ஷிப்டில் வெல்டிங் வேலை. மெலிந்த உடம்பு, கறுப்புச் சட்டை, தோளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கிய முடி. தோளில் ஒரு காவித் துண்டு.

நான் பார்த்த பார்வையை சலேத்மேரி பார்த்துவிட்டார்.

"மாதாவுக்கு வளக்குறான் அண்ணே. அவருக்குக் கால் நல்லாகணும்னு வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் காலுக்காக இரண்டு வருஷம் முடி வளர்க்கும் பிள்ளை! "நல்ல மனசு தம்பி" என்றேன். ஜெரோம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமினா சிரிப்பை அடக்கமுடியாமல் ரசம் எடுக்கப் போனாள்.

*

புதன். பொட்டலத்தை அவன் கையிலேயே கொடுப்பதற்காக அவனோடு காந்தி மார்க்கெட் போனேன். அங்கே ஒரு வெங்காய மண்டியின் பின்கட்டில்தான் அவனுடைய குழு மத்தியானங்களில் பழகுகிறது. வாசிப்பது ஹெவி மெட்டல்.

மார்க்கெட்டில் அந்தத் துண்டின் மகிமையைக் கண்ணால் கண்டேன். வாழைப்பழம் விற்கும் அம்மாள் அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"எந்தக் கோயிலுக்கு சாமி?"

"வேளாங்கண்ணிக்கும்மா."

"இந்தாங்க, ரெண்டு பழம். எம் பேரச் சொல்லிக் கும்பிட்டுக்குங்க."

இருபது அடி தள்ளி, புழுக்கம் தாங்காமல் துண்டை எடுத்துப் பைக்குள் வைத்தான். அதே முடி, அதே முகம். மூலையில் நின்ற போலீஸ்காரர் லத்தியை நீட்டி மறித்தார்.

"ஏய் ஹிப்பி, நில்லு. கறுப்புச் சட்டை. நீ சாமி இல்லங்கிற கட்சியா, மலைக்குப் போற கட்சியா?"

"ரெண்டும் இல்ல சார்."

"அப்ப கஞ்சா கட்சி."

ஜெரோம் நிதானமாகப் பையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "மாதாவுக்கு வளக்குறேன் சார்."

லத்தி இறங்கியது. "அத மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா?" என்றார் போலீஸ்காரர், கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக.

மண்டிக்குள் வெங்காய மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அவன் சுவிட்சைப் போட்டு, ஆரஞ்சுப் பெட்டியைக் காலால் மிதித்து, கிடாரை ஓர் இழு இழுத்தான். தகரக் கூரை அதிர்ந்தது. மூட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்பாலை எழுந்து நின்றது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாதி வெங்காயம். மீதிக்கு நான் பொறுப்பில்லை.

வாசலில் இரண்டு சுமைக்காரர்கள் பீடியோடு நின்று கேட்டார்கள்.

"என்னடா பாட்டு இது?"

"கூலி ஏத்திக் கேக்குற மாதிரி இருக்கு."

"அப்ப நல்ல பாட்டுதான்."

எத்தனையோ பேர் இந்த இசையைப் பற்றி எழுதி வாசித்திருக்கிறேன். இந்தப் பீடிக்காரர்கள் அளவுக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. இங்கிலாந்தில் இரும்பு உருக்கும் ஊர்களில், ஆலைச் சுவருக்குப் பக்கத்தில் பிறந்து ஆலைக்கே வேலைக்குப் போன பிள்ளைகள் காதுக்குள் இருந்த சத்தத்தைக் கிடாரில் கொட்டினார்கள். அதுதான் இதன் ஆரம்பம். பத்திரிகைக்காரர்களுக்கு அந்த ஆலை கண்ணில் படவில்லை. மண்டையோடும் முடியும்தான் பட்டன. சாத்தானைக் கும்பிடுகிறவர்கள், போதைக்காரர்கள், படிக்காத பயல்கள் என்றார்கள். அந்தப் பேச்சு கடல் தாண்டி வந்தது. ஆலைச் செய்தி மட்டும் வரவில்லை.

ஜெரோமுக்கு முதல் கேசட் கிடைத்தது சித்தப்பா அந்தோணி மூலம். சித்தப்பாவுக்கு அதை ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி கொடுத்திருந்தார். அதைப் பிரதி எடுக்க ஜெரோம் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் போனானாம். கடைக்காரர் பத்து வினாடி கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார். "ஹெட்ல அழுக்கு தம்பி" என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை, "மெஷினே போச்சு, நாளைக்கு வா" என்று ஷட்டரை இறக்கிவிட்டாராம்.

சிரித்து முடித்தபிறகு கேட்டேன்: "இந்தப் பாட்டுக்காரனுக்கு வேண்டுதல் முடி எப்படிப்பா?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் சர்ச்சில் யாரோ துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள்: நீள முடியும் மண்டையோட்டுச் சட்டையும் சாத்தானின் அடையாளம். தெருப் பெண்கள் நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஆரோக்கியசாமி ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். "வீட்டுல இப்படி ஒருத்தன வெச்சுக்கிட்டு அவரு கால் எப்படிக் கூடும்?" என்று கேட்டார்கள். சலேத்மேரிக்கு என்ன தோன்றியதோ, "அவரு காலுக்குத்தான் மாதாவுக்கு வளக்குறான்" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் ஒருத்தி காவித் துண்டு வாங்கிவந்து கொடுத்தாள்.

"அதாவது, பொய்."

"பொய்தான் அங்கிள்."

"வெக்கமா இல்ல? பிடிச்சுத்தான் வளக்குறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கிடாரைக் கீழே வைத்தான். "உங்க ஊர்ல சொல்லலாமா அங்கிள்?"

எங்கள் ஊர். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் எனக்கும் தோள்வரை முடி இருந்தது. தபால் ஆபீஸ் சன்னலுக்கு மேலே படம் போட்ட அறிவிப்பு: நீள முடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது நாள் நானே நாவிதர் கடைக்குப் போனேன். யாரும் பிடித்து இழுக்கவில்லை. அடுத்த மாதம் ஆபீசில் பதவி உயர்வு வந்தது. பிறகு முடி தானாகவே போய்விட்டது.

"எங்க ஊர்ல துண்டு கிடைக்காது" என்றேன்.

*

வியாழன். ஸ்ரீரங்கம் போக டவுன் பஸ். காவிரிப் பாலத்தின் நடுவில் ஓர் இருமல் இருமிவிட்டு நின்றது. "ஆம்பளைங்கள்லாம் எறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர். ஜெரோமும் இறங்கினான். ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்கு வளக்குற புள்ள, நீ தள்ளாதப்பா. அவரு தள்ளட்டும்."

'அவர்' என்பது நான். வழுக்கைத் தலையில் பத்து மணி வெயில் இறங்க, கீழே முக்கால்வாசி மணலாகக் காவிரி கிடக்க, நான் பஸ்ஸைத் தள்ளினேன். உள்ளே சன்னலோரத்தில் ஒரு மெட்டல்காரன் பரிசுத்தமாக உட்கார்ந்திருந்தான். அவ்வளவு கோபத்தில் தள்ளியதாலோ என்னவோ, வண்டி உடனே கிளம்பிவிட்டது.

ஜெரோமின் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் வரதனின் வீடு சித்திரை வீதியில். இருபத்து நான்கு வயது. அவன் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவர், இவனும் சேவிக்கிறான். நெற்றியில் திருமண், தலையில் குடுமி. மாடி அறையில் சைக்கிள் ட்யூப் சுற்றிய பலகைமேல் இரண்டு குச்சிகளால் அடித்துக்கொண்டிருந்தான். பலகைக்கு வலிக்கும் என்று தோன்றும் வேகம்.

"வாங்கோ சார். காபி சாப்பிடறேளா?"

காபி வந்தது, டம்ளரில் நுரை தளும்ப. எங்கள் ஊரில் காபியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சு குழலைச் செருகி, கயிற்றில் கட்டித் தருவார்கள் என்றேன். வரதன் முகத்தில் தெரிந்த வேதனையைப் பிறகு எதிலும் நான் பார்க்கவில்லை.

"உங்கப்பாவுக்கு இந்த மெட்டல் விஷயம் தெரியுமா?"

"பேஷா தெரியும். 'கோஷ்டிக்கு நேரத்துக்கு வந்துடு, மத்ததப் பெருமாள் பாத்துப்பார்'னார்."

"முடி?"

"எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது சார். அவிழ்த்தா மெட்டல், முடிஞ்சா வைதீகம்."

ஜெரோம் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். "இவனுக்குப் பொறப்புலேயே லைசென்ஸ் அங்கிள்."

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பொன்மலைக் காலனியின் பழைய டான்ஸ் ஹாலில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. அதன் இடைவேளையில் அரை மணி நேரம் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. முதல் மேடை. மூன்றாவது ஆள், பேஸ் கிடார் வாசிப்பவன், கே.கே. நகரிலிருந்து நேராக வந்துவிடுவான்.

"எங்ககிட்ட என்ன அங்கிள் இருக்கு?" என்றான் ஜெரோம். "லைட்டு கிடையாது, புகை கிடையாது. ஆம்ப்ளிஃபயர் சர்ச்சுல கேட்டு வாங்கினது. ட்ரம்ஸ் கல்யாண பேண்டுக்காரரோடது. தலைய ஆட்டுறப்ப இந்த முடி பறக்கும் பாருங்க, அது ஒண்ணுதான் எங்க சொந்தம்."

வரதன் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஒரு பொய்ய ரெண்டு வருஷமா வளத்துட்டேள். அத மழிக்க வரமாட்டாளா ஒருநாள்?"

வந்திருந்தார்கள். நாங்கள் பொன்மலைக்குத் திரும்பியபோது வாசலில் நான்கு ஜோடிப் பெண் செருப்புகள். உள்ளே அதே தெருப் பெண்கள். வேளாங்கண்ணிக்கு வேன் பேசியாகிவிட்டது. வெள்ளி மத்தியானம் கிளம்பி, சனிக்கிழமை விடியற்காலையில் ஜெரோமுக்கு மொட்டை போட்டு, பூசை பார்த்து, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.

"ஆரோக்கியசாமி அண்ணனுக்குக் கால் கூடி ஒரு வருஷம் ஆகுது. வேண்டினத இன்னும் செலுத்தல. அதான் பிலோமிக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப்போகுது" என்றாள், துண்டு வாங்கிக்கொடுத்தவள். "தஞ்சாவூர்க்காரங்க ஞாயித்துக்கெழம பதில் சொல்றாங்கள்ல? அதுக்கு முன்னாடி முடிச்சிருவோம்."

பிலோமினா சமையலறையிலிருந்து கத்தினாள்: "என் கல்யாணத்த எதுக்கு அவன் தலையில கொண்டுபோய்க் கட்டுறீங்க?"

அந்தப் பெண்களின் முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் என்னை எரித்தது. அத்தனை பேரும் அன்பாலேயே அவனைச் சிரைக்க வந்திருந்தார்கள்.

*

வெள்ளி. காலைச் சங்கு ஊதும் முன் நான் போனபோதே சண்டை நடுக்கட்டத்தில் இருந்தது.

"நீ சொன்ன பொய்தானம்மா அது! நீயே சொன்ன, நீயே நம்புறியா?"

"பொய்தான்டா. பொய்யாத்தான் சொன்னேன்." சலேத்மேரி சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். "ஆனா மாதா பேரச் சொல்லிட்டேனே. அது அவங்க காதுல விழுந்துருச்சே. கால் கூடிருச்சா இல்லியா? நான் சும்மா சொன்னேன், அவங்க சும்மா இருக்கலியே!"

"டாக்டர் வெச்ச கம்பியால கூடிச்சு."

"கம்பி வெச்ச நாலு பேரு இன்னும் அந்த வார்டுலதான் கெடக்குறாங்க."

நான் குறுக்கே புகுந்தேன். புகுந்திருக்கக் கூடாது. இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளையின் தலை அவனுக்குச் சொந்தம் என்றேன். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற இந்த எண்பத்தாறில் தெருப் பெண்களுக்குப் பயந்து ஒருவன் தன்னையே கொடுக்க வேண்டுமா என்றேன். மேடையில் பேசுவதுபோலப் பேசினேன். குரல் உயர்ந்தது. பன்னிரண்டு வருஷக் கோபத்தையெல்லாம் அந்தச் சின்னக் கூடத்தில் கொட்டினேன்.

சலேத்மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க தலையில என்ன அண்ணே இருக்கு, நீங்க பேச வந்துட்டீங்க?"

பிலோமினாகூடச் சிரிக்கவில்லை. ஆரோக்கியசாமி மட்டும், யார் பேசியதும் காதில் விழாமல், எல்லாரையும் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று கத்தினார்.

ஜெரோம் தோளிலிருந்த காவித் துண்டை உருவி அம்மாவின் காலடியில் எறிந்தான். "சொன்னது நீ. நீயே போட்டுக்க. நான் வரல." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் வேன் வந்தது. பெண்கள் ஏறினார்கள். பையன் எங்கே என்று கேட்டார்கள். சலேத்மேரி துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். "அவன் வரல. நீங்க வண்டிய எடுங்க" என்றார். அவ்வளவுதான். அவமானத்தைத் தாங்கிக்கொண்டு மாதாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பாவம் என்றுகூட நினைக்கவில்லை. நன்றாக வேண்டும் என்றே நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

*

சனி. ஹாலின் மரத்தரை இன்னும் வழவழப்பாக இருந்தது. ஒரு காலத்தில் காலனித் துரைமார்கள் ஜோடி ஜோடியாக ஆடிய தரை. இப்போது அதன்மேல் நானூறு மடக்கு நாற்காலிகள், தட்டில் சமோசா விற்பவர், அழும் குழந்தைகள். மெல்லிசைக் குழு முதல் பாதியை முடித்தது. ஜிகினா கோட்டுப் போட்ட பாடகர், "ஒரு சின்ன இடைவேளை, தம்பிங்க ஏதோ செய்வாங்க" என்று அறிவித்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஏதோ!

ஜெரோம், வரதன், கே.கே. நகர் பையன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் காதைப் பொத்தியது. "மைக்கு ரிப்பேரு!" என்று யாரோ உதவிசெய்யும் குரலில் கத்தினார்கள். முன்வரிசையில் ஆரோக்கியசாமி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் மரத்தரையில் அழுத்தி வைத்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"கேக்குது!" என்றார் என்னிடம். "ரொம்ப நாள் கழிச்சு ஒரு பாட்டு கேக்குது!"

ஜெரோம் குனிந்தான், நிமிர்ந்தான். முடி கறுப்புத் தீயாக எழுந்து விழுந்தது. பின்வரிசையில் ஒர்க்‌ஷாப் அப்ரண்டிஸ்கள் எழுந்து நின்றார்கள். நானும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்துக் கதவு வழியாக வேன் பெண்கள் வந்தார்கள். வேளாங்கண்ணியிலிருந்து நேரே, கையில் ஜெபமாலையும் எண்ணெய்ப் பாட்டிலுமாக. கடைசியில் தலையில் காவித் துண்டு போர்த்திய ஒருவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தன வாசனை வந்தது. புழுக்கத்துக்குத் துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

சலேத்மேரி. மழித்த தலை. அதன்மேல் காய்ந்து வெடித்த சந்தனம். கொண்டை இருந்த இடத்தில் மெலிந்த, வெளிறிய ஒரு கழுத்து.

"சொன்னது நான்தானே அண்ணே" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அப்ப நான்தானே குடுக்கணும்." பிறகு என் தலையைப் பார்த்தார். "தள்ளி உக்காருங்க. இப்ப நீங்களும் நானும் ஒண்ணு."

ஒன்று இல்லை. எனக்குத் தெரியும். என் முடி ஒரு ஸ்டாம்ப்புக்குப் போயிற்று.

மனைவியின் தலையைப் பார்த்த ஆரோக்கியசாமி வாயைத் திறந்தார். எப்போதும் கத்துகிற அந்த மனிதரிடமிருந்து சத்தமே வரவில்லை. மெல்லக் கையை நீட்டி சலேத்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பாட்டு முடிந்தது. ஜெரோம் நிமிர்ந்து, கண்ணை மறைத்த முடியை ஒதுக்கி, முன்வரிசையைப் பார்த்தான்.

இரண்டாவது பாட்டை வரதன் ஆரம்பித்துவிட்டான். ஜெரோமின் விரல்கள் வாசித்தன. உடம்பு வாசிக்கவில்லை. நட்ட கம்பமாக நின்றான். முடி தோளில் கிடந்தது, நனைந்த துணிபோல. எனக்குக் கோபம் மறுபடி தலைக்கேறியது. இந்த அம்மாள் ஜெயித்துவிட்டார் என்று தோன்றியது. கத்தி படாமலே பிள்ளையை மொட்டையடித்துவிட்டார். இனி ஜென்மத்துக்கும் அவன் ஒரு தடவை தலையை ஆட்டுவானா? ஆட்டும்போதெல்லாம் இந்தத் தலை அவன் கண்முன் நிற்காதா? எழுந்து வெளியே போய்விட நினைத்தேன்.

பாட்டின் நடுவில் ட்ரம்ஸ் நின்று கிடார் மட்டும் ஒலிக்கும் ஓர் இடைவெளி வந்தது. சலேத்மேரி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். சந்தைக்கு நடுவில் பிள்ளையைக் கூப்பிடும் குரலில் கத்தினார்.

"என்னடா மரமாட்டம் நிக்கிற? ஆட்டு! அதுக்குத்தானே குடுத்துட்டு வந்தேன்!"

ஹால் முழுதும் திரும்பிப் பார்த்தது. துண்டு வாங்கிக்கொடுத்தவள் வாயில் கை வைத்தாள். ஜெரோமின் முகம் அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் கோணிற்று. அவன் பின்னால் வரதன் ஒரு கையால் குடுமியை அவிழ்த்துவிட்டு, மறுகையால் ஓங்கி அடித்தான்.

ஜெரோம் ஆரஞ்சுப் பெட்டியை மிதித்தான். குனிந்தான். முடி மேலே போயிற்று.

சலேத்மேரி உட்காரவில்லை. பசித்து வந்த பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கும் முகத்தோடு, துண்டை இரண்டு கையாலும் மார்பில் பிடித்துக்கொண்டு, அந்த அரை மணி நேரம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.